ஆறரை எப்படி நாலுக்குள் போகும்

ஒன்பதாவது தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் பத்தாவது தாளில் மறுபடி கட்டம் போடத் தொடங்கியபோது மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா, வீடு கட்டப் போறீங்களா?”

முதல் கட்டத்தில் ‘சிஸ்டம்’ என்று எழுதினேன். கணினி எழுந்து நிற்பதற்கு ஒரு சின்ன, வேகமான டிரைவ். இரண்டாவது ‘வேலை’. அன்றன்றைக்கு வெட்டி ஒட்டும் காட்சிகள் மட்டும் அதில் இருக்கும். மூன்றாவது ‘தற்காலிகம்’. எடிட்டிங் மென்பொருள் தன் வசதிக்காக எழுதித் தள்ளும் கோப்புகளுக்கு; அழிந்தாலும் யாரும் அழ மாட்டார்கள். நான்காவது கட்டத்தைப் பெரிதாகப் போட்டு ‘களஞ்சியம்’ என்று எழுதினேன். எடுத்த காட்சிகள் அத்தனையும் அதில் தூங்கும். பிறகு அம்புக்குறிகள். எது எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேரும் என்று. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே டிரைவாக இருந்தால் என்ன என்று தோன்றியது. அழித்தேன். இல்லை, தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். மறுபடி போட்டேன். காலையிலிருந்து இதுதான். எழுந்து ஜன்னல் வரைக்கும் நடப்பேன், திரும்பி வருவேன், ஒரு அம்பைத் திருப்பிப் போடுவேன்.

ஒரு தொலைக்காட்சி நிறுவனம் என் ஆவணப்படத்தை ஒளிபரப்புவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. ஐம்பத்திரண்டு நிமிடப் படம். கொடுக்க வேண்டிய நாளுக்கு முப்பத்தொரு நாள் பாக்கி. தவறினால் அந்த நேரத்துக்கு வேறொரு படம் தயாராக இருக்கிறது என்று கடிதத்தின் கடைசி வரி மிக மரியாதையாகச் சொன்னது.

படம் லாரி அக்காவைப் பற்றியது. அவருக்கு அந்தப் பெயரை வைத்தது நாங்கள்தான். நாற்பத்துமூன்று வயதில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரிலிருந்து எழுந்து போய், பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவர். நான்கு வருடம் அவர் பின்னாலேயே அலைந்தோம். மூன்று முறை உரிமத் தேர்வில் தோற்றார். நான்காவது முறை தேறினார். அன்று கீழே இறங்கியவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. முன்சக்கரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்த ஒரு காட்சிக்காகத்தான் மற்ற எல்லாமே.

நாங்கள் என்றால் நானும் மச்சினனும். மனைவியின் தம்பி. ஒளிப்பதிவு, கணினி, வயர் சமாச்சாரம் எல்லாம் அவன் பொறுப்பு. எடிட்டிங் என் பொறுப்பு. ஒரு தையல்கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஸ்டூடியோ வைத்திருந்தோம். பத்து மாதத்துக்கு முன் ஒரு மதியம், நான் படத்தின் பத்தொன்பதாவது வடிவத்தைப் போட்டுக் காட்டியபோது அவன் சொன்னான்: “நாலு வருஷமா உரிச்சுக்கிட்டே இருக்கீங்க, மாமா. கடைசியில வெங்காயம் மாதிரி கையில ஒண்ணும் மிஞ்சாது. உங்களுக்கு இத முடிக்கவே மனசில்ல.”

அது உண்மையாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். “பட்டன் அமுக்குறவனுக்குப் படத்தைப் பத்தி என்னடா தெரியும்?” என்றேன்.

கீழே தையல் எந்திரம் ஓடி நின்றது. மறுபடி ஓடியது. அந்த வாரக் கடைசியில் ஸ்டூடியோவைப் பிரித்தோம். கணினிப் பெட்டி அவனுக்கு. மானிட்டர் எனக்கு. நாற்காலி ஆளுக்கொன்று. பெட்டிக்குள்ளிருந்து இரண்டு ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றி மேசைமேல் வைத்தான். ஒன்றின்மேல் 1 என்றும் மற்றதில் 2 என்றும் மார்க்கரில் எழுதியிருந்தது. காப்பி ஒன்று, காப்பி இரண்டு. அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

“ஆளுக்கு ஒண்ணு” என்றேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“பேசி முடிச்சாச்சு” என்று சொல்லிவிட்டு 1 என்று எழுதியதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதன்பின் பத்து மாதம் வேறொருவர் அலுவலகத்தில், வேறொருவர் கணினியில், நிறுவன விளம்பரங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். டிஸ்க் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது.

கடிதம் வந்த மறுநாள் அதை எடுத்து மனைவியின் லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன். ஏதோ ஒரு சின்னக் கட்டம் வந்து என்னவோ கேட்டது. டிஸ்க்கைத் தயார்படுத்தலாமா என்பதுபோல. ‘சரி’ என்பதை அமுக்கினேன். ஒன்றும் திறக்கவில்லை. லேப்டாப் பழசு என்று நினைத்து, கழற்றிப் பையில் வைத்தேன். புதுக் கணினி வந்தால் திறக்கும்.

அன்று மாலையே தாளோடு கிளம்பினேன். கணினி பாகங்களைப் பொருத்தித் தரும் கடை ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கொண்டையில் பேனா செருகுவதுபோல் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தார். என் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லா யோசிச்சிருக்கீங்க, சார். ஆனா களஞ்சியம் ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. அது படுத்துக்கிச்சுன்னா?”

“இன்னொரு காப்பி இருக்கு.”

“எங்க?”

“சொந்தக்காரங்க வீட்ல.”

“ரொம்ப நல்லது. மொத்தம் எவ்வளவு ஃபுட்டேஜ்?”

“ஆறரை டெராபைட்.”

நான் மேசையில் வைத்த டிஸ்க்கை எடுத்துத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தார். “எல்லாம் இதுலயா?”

“எல்லாம்.”

“இது நாலு டெராபைட் டிஸ்க், சார்.”

“ஆமா.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எந்திரம் தாளை இழுத்துத் துப்பிக்கொண்டிருந்தது. ஏழெட்டுத் தாள் போயிருக்கும்.

“ஆறரை எப்படி சார் நாலுக்குள்ள போச்சு?”

ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன் நான். நான்கு வருடம் திரையில் அந்த டிரைவின் பக்கத்தில் எட்டு டெராபைட் என்ற எண்ணைத் தினமும் பார்த்திருக்கிறேன். இரண்டு நாலு சேர்ந்தால்தான் எட்டு என்று ஒருநாளும் தோன்றவில்லை.

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். “ரெண்டையும் ஒண்ணாக் கட்டியிருக்காங்க. வேகத்துக்காக அப்படிப் பண்றதுதான். ஒவ்வொரு ஃபைலையும் பொடிப்பொடியா நறுக்கி ஒரு துண்டு இதுல, அடுத்த துண்டு அதுல. கடிதத்துல ஒரு வரி உங்ககிட்ட, அடுத்த வரி அவங்ககிட்டன்னு வச்சுக்கங்க. இது காப்பி இல்ல, சார். இது பாதி.”

“பாதிப் படமாவது...”

“பாதிப் படம் இல்ல. ஒவ்வொண்ணுலயும் பாதி. ஒரு கிளிப்கூட ஓடாது. அந்த ரெண்டாவது டிஸ்க் பத்திரமா இருக்கா?”

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“இத வேற எதுலயாவது மாட்டினீங்களா?”

“லேப்டாப்ல.”

“ஏதாச்சும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“சரின்னு.”

அவர் கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி மேசைமேல் வைத்தார். “பாத்தா எதுக்கும் லேசுல சரின்னு சொல்ற ஆளாத் தெரியலயே, சார் நீங்க. அதுக்குப் போயா சொன்னீங்க?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. அதற்குமேல் ஃபார்மட் எதுவும் செய்யவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். “அப்ப மேலாகத்தான் கீறியிருக்கும். முயற்சி பண்ணலாம். இனிமே இத எதுலயும் மாட்டாதீங்க. ரெண்டாவது டிஸ்க்க அப்படியே கொண்டு வாங்க. அதுமேல யாராவது எதையாவது எழுதியிருந்தா நானும் ஒண்ணும் பண்ண முடியாது.”

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பத்து மாதத்தில் முதல் முறையாகக் கேட்டேன்.

“உன் தம்பி அந்த டிஸ்க்க என்ன பண்ணான்?”

அவள் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. “ஏன்?”

சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ சட்டையை முழுதாக மடித்து அடுக்கின்மேல் வைத்து, கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

“அவன் இப்ப சிசிடிவி கம்பெனியில இருக்கான். கைவசம் இருக்குற பழைய டிஸ்க்க எல்லாம் ரெக்கார்டர்ல போட்டு ஓட்டுறதா ஒருநாள் சொன்னான். ஒரு மாசம் பதியுமாம். நெறஞ்சா பழசுமேலயே திரும்ப எழுதுமாம்.”

“அதையும் போட்டுட்டானா?”

“எனக்கென்ன தெரியும்? போன் பண்ணிக் கேளுங்க.”

“நீ கேளேன்.”

“மாட்டேன். ரெண்டு பக்கமும் மாட்டுற வயரா நான் இருந்தது போதும். அவன் வாராவாரம் கேப்பான், மாமா எப்படி இருக்காருன்னு. நீங்க ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா, அவன் உயிரோட இருக்கானான்னு? இன்னிக்குத்தான் கேக்குறீங்க. அதுவும் டிஸ்க்கப் பத்தி.”

எண்ணை எடுத்தேன். அமுக்கினேன். ஒலிக்குமுன் துண்டித்தேன். நான்கு முறை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது முறை போனை என் கையிலிருந்து வாங்கி, மடித்த துணிகளுக்கு மேலே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அவனுடைய அலுவலகத் தெருவை மூன்று முறை சுற்றினேன். அதுவரை கண்ணில் படாத கேமராக்கள் அன்று எல்லா வாசலிலும் இருந்தன. பல் மருத்துவமனை வாசலில் ஒன்று. மாவுமில் படியில் ஒன்று. பூட்டிய ஒரு கிடங்கின் முன்னால், யாருமே வராத இடத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும். காலிப் படிக்கட்டை எழுதிக்கொண்டிருக்கும். லாரி அக்கா சக்கரத்தில் நெற்றியை வைத்த இடத்தில் இந்த நொடி ஒரு பூனை குறுக்கே போவது பதிந்துகொண்டிருக்கலாம். கிடங்கின் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என்னைப் பதிந்தது. எதன்மேல் என்று தெரியவில்லை. நகர்ந்துவிட்டேன்.

அலுவலகத்தில் சுவர் முழுக்கத் திரைகள். மச்சினன் இடுப்பில் கருவிப் பட்டையோடு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து வயர் நுனியைச் சீவிக்கொண்டிருந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு உட்கார்ந்தான்.

“வாங்க மாமா. அக்காவுக்கு ஒண்ணும் இல்லயே?”

“ஒண்ணும் இல்ல.”

அவன் அடுத்த வயரை எடுத்தான். சீவினான். அதற்கடுத்ததையும் சீவினான். திரைகளில் எங்கெங்கோ கதவுகள் திறந்து மூடின. ஒரு சத்தமும் இல்லை.

“அந்த டிஸ்க்...” என்றேன்.

“வீட்ல இருக்கு. தொடல.”

பிடித்துக்கொள்ள ஏணிதான் கிடைத்தது.

“ரெக்கார்டர்ல போட்டிருப்பேன்னு நெனச்சீங்களா?”

“உன் அக்கா சொன்னா...”

“கம்பெனியோட பழசத்தான் போடுவாங்க. அத எப்படிப் போடுவேன்? எடுத்தது யாரு, நான்தான?” குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “அன்னிக்கே சொல்ல வந்தேன், மாமா, ரெண்டும் சேர்ந்தாத்தான் ஓடும்னு. பேசி முடிச்சாச்சுன்னீங்க. அந்த வாரம் ரெண்டு தடவ கூப்பிட்டேன். எடுக்கல.”

“அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?”

“கோவத்துல விட்டுட்டேன். அப்புறம் நெனச்சேன், எப்படியும் ஒருநாள் மாட்டிப் பாப்பாரு, திறக்காது, கூப்பிடுவாருன்னு. ஒரு மாசம் பாத்தேன். ரெண்டு மாசம் பாத்தேன்.” அவன் கத்தியை மடக்கினான். “பத்து மாசம், மாமா. நீங்க அதத் தொறந்துகூடப் பாக்கல.”

மூன்றாவது வரிசைத் திரையில் ஒருவர் பூட்டைத் திறக்க முடியாமல் சாவியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போகும்வரை இருவரும் அதையே பார்த்தோம்.

“இன்னொண்ணு சொல்லணும்” என்றேன். “போன வாரம் மாட்டினேன். என்னவோ கேட்டுச்சு. சரின்னு போட்டுட்டேன்.”

அவன் முகம் மாறியது. “எதுக்கு சரின்னு?”

“படிக்கல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். நல்ல சிரிப்பு இல்லை.

“பட்டன அமுக்குனது நீங்களா?”

“நான்தான்.”

“அமுக்குறவனுக்கு என்ன தெரியும்னு இப்பத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

அவன் கருவிப் பட்டையைக் கழற்றி ஏணியில் மாட்டினான். “வாங்க, போலாம்.”

கடைக்காரர் இரண்டு டிஸ்க்குகளையும் முதலில் அச்சடித்ததுபோல் வேறு புது டிஸ்க்குகளுக்கு நகல் எடுத்தார். மூலத்தின்மேல் கை வைக்கக் கூடாதாம். அது முடியவே அந்த நாள் போய்விட்டது. மறுநாள் நகல்களைச் சேர்த்துக் கட்ட உட்கார்ந்தபோது, எந்த அளவில் நறுக்கியிருக்கிறது, எது முதல் என்று கேட்டார். மச்சினன் யோசிக்காமல் சொன்னான். அந்த 1, 2 அதற்காக அவன் எழுதிவைத்ததுதான். பிறகு ஒரு பச்சைப் பட்டை. அது நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. நான் எழுந்து படிக்கட்டு வரை போவேன், வருவேன். எத்தனை சதவீதம் என்று கேட்பேன்.

“சார், நீங்க நடந்தா அது ஓடாது” என்றார் கடைக்காரர். “உக்காருங்க. எனக்கே தல சுத்துது.”

“வீட்லயும் இப்படித்தான்” என்றான் மச்சினன். “டைல்ஸே தேஞ்சு போச்சுன்னு அக்கா சொல்லுவா.”

மதியம் கோப்புறைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. தேதி வாரியாக, அவன் வைத்த பெயர்களோடு. ‘முதல் தோல்வி.’ ‘ரெண்டாவது தோல்வி.’ ‘டயர் பஞ்சர், அக்கா கெட்ட வார்த்தை.’ பதினொரு கிளிப்கள் திறக்கவில்லை. மழை நாளில் எடுத்தவை ஏழு. மருந்துக்கடை முதலாளியின் பேட்டி முழுக்க. நான் அமுக்கிய பொத்தானின் கூலி அது. தேர்வு நாள் கோப்புறையை அவர் திறந்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாரி நிற்கும் சத்தம் கேட்டது. காற்று பிரேக்கின் அந்தப் பெருமூச்சு.

திரும்பினேன். லாரி அக்கா இறங்கினார். சக்கரத்தில் நெற்றியை வைத்தார். நான் எப்போதும் அந்த இடத்திலேயே, பன்னிரண்டாவது நொடியில் வெட்டிவிடுவேன். பத்தொன்பது வடிவத்திலும் அப்படித்தான். இப்போது யாரும் வெட்டவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது. பதினைந்தாவது நொடியில் சட்டகம் லேசாக நடுங்கத் தொடங்கியது. கேமராவுக்குப் பின்னாலிருந்து, மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று.

“கை ஆடிடுச்சு” என்றான் மச்சினன், திரையைப் பார்த்தபடியே.

“ஆடட்டும்” என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்காரர் என் தாளை எடுத்தார். களஞ்சியத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு கட்டம் போட்டார். “இது உண்மையான காப்பி. ஒரே வீட்ல இருக்கலாம்.” பிறகு தாளின் ஓரத்தில், எல்லா அம்புகளுக்கும் வெளியே தள்ளி, மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். “இது வேற வீட்ல இருக்கணும். தீயோ திருட்டோ எதுவோ ஒண்ணு வந்தா ரெண்டும் ஒண்ணாப் போயிடும். யார் வீடுன்னு சொல்லுங்க, பேர் எழுதிடுறேன்.”

நான் வாயைத் திறந்தேன். பத்து மாதமாகப் பேசாத வாய். அதற்குள் மச்சினன் பேனாவுக்குக் கையை நீட்டினான்.

அவர் சொன்னபடி எல்லாம் நகலாக மேலும் ஒரு நாள் ஆனது. இருபத்தெட்டு நாள் பாக்கி. புது டிஸ்க்கைத் தடித்த உறையில் போட்டு அவனிடம் கொடுத்தேன்.

“இதுல எவ்வளவு இருக்கு, மாமா?”

“ஆறரை. பதினொரு கிளிப் போக.”

“டிஸ்க் எவ்வளவு?”

“எட்டு.”

“இப்பக் கணக்கு ஒத்துப் போவுது.”

வேறொன்றும் சொல்லாமல் உறையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு பைக்கைக் கிளப்பினான். ஞாயிற்றுக்கிழமை வா என்றோ, அந்தப் பேச்சை மறந்துவிடு என்றோ நான் சொல்லியிருக்கலாம். பார்த்துப் போ என்றாவது. அவன் தெருமுனை வேகத்தடைக்குப் பக்கத்தில் போய்விட்டான்.

அங்கே வண்டியை நிறுத்தினான். இறங்கினான். ஒரு கையால் சட்டைக்குள் இருந்த உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பைக்கை மெல்லத் தள்ளியபடி அந்தத் தடையைக் கடந்தான். அப்புறம் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் போனான்.